சடையன் வக்கீல் வாசல் நாற்காலி

செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டியதும் இடப்பக்கம் பிரியும் தெரு ஒன்றில் ‘அமைதி இல்லம்’ என்று ஒரு மாடி வீடு இருக்கிறது. கீழே நான்கு, மேலே நான்கு, ஆக எட்டு அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒரு கட்டில், ஒரு கொசுவலை, தியானத்துக்கு ஒரு கோரைப்பாய், ‘தயவுசெய்து சத்தம் போடாதீர்கள்’ என்று நான்கு மொழியில் எழுதிய ஓர் அட்டை. அந்த வீட்டில் அமைதியில்லாமல் இருந்த ஒரே ஆள், அதை நடத்திய கஸ்தூரிதான்.

கஸ்தூரிக்கு நாற்பத்தாறு வயது. அவள் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தவர்கள் ஊரில் அதிகம் இல்லை. தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மற்ற கையால் மோட்டார் சுவிட்சைப் போட்டு, தொட்டி நிரம்புகிறதா என்று மாடிப்படி ஏறி, இறங்கும்போது கடைசிக் கவளத்தை விழுங்குவாள். “உனக்கு கால்ல சக்கரம் வெச்சித்தான் பெத்தாங்களா?” என்று அவள் கணவன் குமரேசன் கேட்பான். அவன் வேன் ஓட்டுகிறவன். சக்கரத்தைப் பற்றி அவனுக்குத் தெரியும். நாளெல்லாம் ஓட்டிவிட்டு வந்தால் அசையாமல் கிடப்பான்.

அவள் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் வேர்க்கடலை போடும் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணம் ஆகி டவுனுக்கு வந்த புதிதில், குமரேசன் விமான நிலையத்திலிருந்து ஏற்றிவந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, சத்தமில்லாத அறை வேண்டும் என்று தவித்தாள். கஸ்தூரி தங்கள் வீட்டு முன்னறையைக் காலிசெய்து கொடுத்தாள். அந்தப் பெண் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போன பணம், ஊரில் ஒரு போகம் கடலை விற்றுக் கிடைக்கிற பணம். கடலை விற்கப்போனால் எடை போடுவார்கள், ஈரம் பார்ப்பார்கள், கழிவு பிடிப்பார்கள். அமைதியை யாரும் தராசில் வைப்பதில்லை என்பது அன்றைக்கு அவளுக்கு விளங்கியது.

அதன் பிறகு அவள் அமைதியை மொத்த வியாபாரமாகச் செய்யத் தொடங்கினாள். ஏழு வருஷத்துக்கு முன்னால், சென்னையில் இருக்கும் ஒருவரின் வீட்டை லீசுக்கு எடுத்து எட்டு அறையாகப் பிரித்தாள். பீர் முகம்மது கடையிலிருந்து இலவம்பஞ்சு மெத்தைகள் கடனுக்கு வந்தன. தோழி சந்திரகலா நடத்திய சீட்டை முதலிலேயே தள்ளி எடுத்தாள். மாடியில் ஒரு காபிக் கடை வைத்தால் நன்றாக ஓடும் என்று யாரோ சொல்ல, பைனான்ஸ் பிரகாஷிடம் லீஸ் பத்திரத்தை வைத்துப் பணம் வாங்கி, இத்தாலி நாட்டுக் காபி மெஷின் ஒன்றை வாங்கினாள். உலகத்தையே துறந்து வந்தவர்கள்கூடக் காபியைத் துறக்கவில்லை என்பது அவள் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் மெஷின் வந்த வருஷம் அவர்கள் காபியையும் துறந்துவிட்டு இஞ்சித் தண்ணீருக்கு மாறினார்கள். அடுத்தடுத்து இரண்டு சீசன் மழையில் போயிற்று. அறையை ரத்து செய்தவர்கள் எல்லோரும் அன்பும் ஒளியும் அனுப்பினார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள்.

சித்திரை கடைசியில் பிரகாஷ் வந்து வாசலில் பைக்கை நிறுத்தினான். முப்பது வயதுப் பையன். நெற்றி நிறைய விபூதி, கையில் இரண்டு போன்.

“அக்கா, நான் மரியாதையா சொல்றேன். வட்டியும் வரல, அசலும் வரல. பத்திரம் என்கிட்ட கீது. இன்னும் ரெண்டு மாசம் பாப்பேன். அப்பறம் ரூம் சாவிய நான் வாங்கிக்கினு போயிடுவேன். நீங்க வேணும்னா இங்கியே வேலைக்கு இருங்க. சம்பளம் குடுக்கறேன்.”

அந்தக் கடைசி வரிதான் கஸ்தூரியைத் தூங்கவிடவில்லை. எட்டு அறைதான் அவள் வாழ்க்கையில் அவளாகச் செய்தது. அதில் அவளே சம்பளத்துக்குத் துடைப்பம் பிடிப்பதா?

“மஞ்ச நோட்டீஸ் குடுத்துடு” என்றான் குமரேசன், படுத்தபடியே.

நொடித்துப்போனவர்கள், கடனை அடைக்க வழியில்லை என்று கோர்ட்டில் மனுப் போட்டு, கடன் கொடுத்தவர்களுக்கு வக்கீல் மூலம் அனுப்புகிற அறிவிப்புக்குத்தான் ஊரில் அந்தப் பெயர். இப்போது அது வெள்ளைத் தாளில்தான் வருகிறது. மஞ்சளில் வந்ததைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. கல்யாணப் பத்திரிகைக்கு நான்கு மூலையிலும் தடவுகிற அதே மஞ்சளின் பெயரை இதற்கும் வைத்தவர்கள், நல்ல சேதிக்கும் கெட்ட சேதிக்கும் ஒரே டப்பாவைத் திறந்தால் போதும் என்று நினைத்தார்களோ என்னவோ.

அதைக் கொடுக்க ஒரு வக்கீல் வேண்டும். கஸ்தூரி போனில் தேடினாள். சென்னையில் கண்ணாடிக் கட்டடத்தின் முன்னால் கை கட்டி நிற்கும் வக்கீல்கள் வந்தார்கள். அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊர் வக்கீல், கட்டணமில்லாமல் கூப்பிடலாம் என்று நம்பர் கொடுத்திருந்தார். வேலூர் நம்பர் ஒன்றைக் கூப்பிட்டாள். எடுத்த பெண், “உங்க கம்பெனி டர்ன்ஓவர் எவ்வளவு மேடம்?” என்று இனிமையாகக் கேட்டாள். கஸ்தூரி போனை வைத்துவிட்டாள்.

வேடிக்கை என்னவென்றால், ஒரு வக்கீல் அவள் வீட்டுக்குள்ளேயே இருந்தார். இரண்டாம் நம்பர் அறையில் தங்கியிருந்த அருணகிரி, கோயம்புத்தூரில் முப்பது வருஷம் சிவில் கேஸ் நடத்தி ஓய்வு பெற்றவர். தை மாதம் வந்தார். மாசியில் மௌன விரதம் தொடங்கினார். கார்த்திகை தீபத்தன்றுதான் வாய் திறப்பதாகச் சங்கல்பம். விரதம் தொடங்கிய நாளிலிருந்து வாடகையும் நின்றுபோயிற்று. பேசாதவரிடம் எப்படிப் பாக்கி கேட்பது? கஸ்தூரி ஒருமுறை குரலை உயர்த்தியபோது, பக்கத்து அறையிலிருந்து ஒருவர் வெளியே வந்து நான்கு மொழி அட்டையைக் காட்டினார். அவள் எழுதிய அட்டைதான்.

அவரிடமே போய் எல்லாவற்றையும் கொட்டினாள். அருணகிரி கண்ணை மூடிக் கேட்டார். பிறகு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினார்: ‘கடன் யாருக்கு? அந்த “எனக்கு” என்பது எங்கிருந்து வருகிறது?’

“எங்கருந்து வருதா? பிரகாஷ்கிட்டருந்து வருது சார்” என்றாள் கஸ்தூரி.

அவர் புன்னகை செய்தார். அதற்கும் கட்டணம் இல்லை.

கடைசியில் குமரேசன்தான் உண்மையைச் சொன்னான். “ஊரைச் சுத்திப் பாத்துட்ட. கடைசில சடையன் வக்கீல்கிட்டத்தான் போயாவணும்.”

“அங்கியா? அவரு வாசப்படில கால் வெச்சா ஊரே பாக்குமே!”

அது நிஜம். தேரடித் தெருவிலிருந்து பிரியும் சந்தில், டீக்கடைக்கு நேர் எதிரே, தகரக் கூரை போட்ட ஒரு வராந்தா. ‘சடையன், வழக்கறிஞர்’ என்று ஒரு பலகை. அங்கே சொத்துத் தகராறுக்கும் யாரும் போவதில்லை, விவாகரத்துக்கும் போவதில்லை. ஒரு மனிதன் அந்தப் படி ஏறினால், அவன் இறங்குவதற்குள் அவனுக்குக் கடன் கொடுத்தவர்களுக்கெல்லாம் போன் போய்விடும். ஒரே ஒருவன் மட்டும் பக்கத்து வீட்டு முகவரி கேட்க ஏறினானாம். அவன் மளிகைக் கடைக்குச் சரக்கு நின்றுபோய், இரண்டாவது முறை நிஜமாகவே ஏறவேண்டியதாயிற்றாம்.

கஸ்தூரி யோசித்து ஒரு வழி கண்டாள். வைகாசிப் பௌர்ணமியன்று போவது. மலை சுற்ற லட்சம் பேர் வருவார்கள். அந்தக் கூட்டத்தில் அவளை யாருக்குத் தெரியும்? இப்போதெல்லாம் பாதிக் கூட்டம் ஆந்திராவிலிருந்து வருகிறது. அவளும் தலையை வழித்துச் சீவிக் கொண்டை போட்டு, பெரிய குங்குமப் பொட்டு வைத்து, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, செருப்பில்லாத காலோடு, ஒரு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாலை நான்கு மணி வெயிலில் கூட்டத்தோடு நடந்தாள். தேரடித் தெரு வந்ததும் வழி தவறியவள்போல் சந்தில் திரும்பினாள்.

அவள் மறந்துபோனது ஒன்றுதான். பௌர்ணமியன்று வெளியூர்க்காரர்கள் நடப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் நின்று தானம் கொடுப்பார்கள். ஊரில் அன்றைக்கு மட்டும் யாரும் வீட்டில் இருப்பதில்லை.

சந்தின் வாயிலில் ஒரு மோர்ப் பந்தல். பின்னால் கைகூப்பிய ஒரு முகம் பேனரில் சிரித்தது. அதே முகம் முன்னால் நின்று மோர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தது.

“மஜ்ஜிக தீஸ்கோண்டி அம்மா, மஜ்ஜிக” என்று டம்ளரை நீட்டினான் பிரகாஷ். தெலுங்குக் கூட்டத்துக்காக அந்த இரண்டு வார்த்தையைக் கற்று வைத்திருந்தான்.

கஸ்தூரி தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள்.

“பெருங்காயம் ஜாஸ்தி போட்டுக்கீறேன், பாத்து... அக்கா?”

டம்ளர் அவள் கையிலேயே நின்றது.

“இன்னா அக்கா இது கெட்டப்பு?” பிரகாஷின் கண் அவளைத் தாண்டி, சந்துக்குள் இருந்த பலகைக்குப் போய், திரும்பி வந்தது. சிரிப்பு பேனரில் மட்டும் மிஞ்சியது.

இனி ஒளிந்து ஆவதென்ன என்று அவள் மோரைக் குடித்து, டம்ளரைக் கொடுத்துவிட்டு, அவன் பார்க்கப் பார்க்கப் படியேறினாள்.

சடையன் எழுபது வயதைத் தொட்ட ஒடிசலான மனிதர். கறுப்புக் கோட்டு ஆணியில் தொங்கியது. அவர் பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் கேட்டார்:

“உள்ள வர்றப்போ யார் யார் பாத்தாங்க?”

“சார்?”

“பாத்தது யாருன்னு கேக்கறேன்.”

கஸ்தூரி துணிப்பையைத் தோளிலிருந்து இறக்கினாள். “பைனான்ஸ் பிரகாஷ் பாத்துட்டான் சார். அவனுக்குத்தான் நான் கடனே தரணும்.”

“நல்லது. வேற?”

“மோர் ஊத்தற பசங்க பாத்தாங்க. டீக்கடையில எங்க சீட்டுக்காரம்மா சந்திரகலாவோட மச்சினரு இருந்தாரு.”

“ரொம்ப நல்லது. உக்காருங்கம்மா.”

அவள் உட்காரவில்லை. நின்றபடியே, அங்குமிங்கும் நடந்தபடியே, முழுக் கதையையும் சொன்னாள். சடையனின் தலை அவள் பின்னாலேயே இடமும் வலமும் திரும்பியது.

“மனு போட்டா இன்னா ஆகும்னு சொல்றேன், கேளுங்க. வெள்ளைக்காரன் காலத்து சட்டம். ஐந்நூறு ரூபா கடன் இருந்தாலே போடலாம்னு அதுல கீது. போட்டா யாரும் உங்க வீட்டு வாசல்ல வந்து கத்த முடியாது. ஆனா கோர்ட் ஒரு ரிசீவரைப் போடும். அவரு வந்து மெத்தை, மெஷின், லீஸ் பணம் எல்லாத்தையும் எடுத்து எல்லாருக்கும் பிரிச்சுக் குடுப்பாரு. அதுக்குள்ள பத்து வருஷம் ஆவும்.”

“ரூமு?”

“போவும்.”

“எனக்கு ரூமு வேணும் சார்.”

“ரூமு வேணும்னா மனு வேணாம்.”

“அப்ப நான் எதுக்கு சார் இங்க வந்தேன்?”

“அதுக்குத்தாம்மா ஃபீஸே” என்றார் சடையன். “நீங்க வந்ததுக்கு.”

விசிறியால் வராந்தாவைக் காட்டினார். தெருவைப் பார்த்தபடி இரண்டு இரும்பு நாற்காலிகள், ஒயர் பின்னியவை. “நாளையிலருந்து காலைல பத்து மணிக்கு வந்து அந்த சேர்ல உக்காருங்க. கோர்ட் விடற வரைக்கும் இருங்க. போன் பாக்கக் கூடாது. எழுந்து நடக்கக் கூடாது. யாரு வந்து இன்னா கேட்டாலும், ‘சார் பாத்துக்கறாரு’ன்னு மட்டும் சொல்லுங்க. நோட்டீஸ் வந்துட்டா அவங்களுக்குப் பத்து வருஷத்துக்கு ஒரு பைசா தேறாது. அது எனக்குத் தெரியறதை விட அவங்களுக்கு நல்லாத் தெரியும். அந்தப் பிரகாஷ் வெச்சிருக்கற பத்திரம் ரிஜிஸ்டர் ஆனதா?”

“இல்ல சார்.”

“அப்ப கோர்ட்ல அது வடை மடிக்கிற பேப்பர். அவன் போடற வட்டியைக் கோர்ட்ல வாய்விட்டும் சொல்ல முடியாது. அவன்தான் முதல்ல வருவான்.”

“நான் ரூமை நாள் வாடகைக்கு விடறேன். நீங்க சேரை விடறீங்களா சார்?”

“உங்க ரூமுக்கு வர்றவங்களுக்கு நிம்மதி கிடைக்குதோ இல்லியோ, என் சேர்ல கிடைக்கும்” என்றார் அவர்.

கிடைக்கவில்லை. கஸ்தூரியின் நாற்பத்தாறு வருஷத்தில் அதைவிடக் கடினமான வேலை ஒன்று வந்ததில்லை. கடலைக் காட்டில் களை எடுத்திருக்கிறாள், எட்டு அறைக் கழிவறையைத் தனியாகக் கழுவியிருக்கிறாள். ஆனால் சும்மா உட்கார்ந்ததில்லை. முதல் அரை மணியில் வலது கால் தானாக ஆடத் தொடங்கியது. அதைக் கையால் பிடித்தாள். இடது கால் ஆடியது. மேல் தொட்டி நிரம்பி வழிகிறதோ, மூன்றாம் நம்பர்க்காரர் சாவியைத் தொலைத்திருப்பாரோ, காயப்போட்ட போர்வையைக் குரங்கு இழுத்திருக்குமோ என்று மனசு செங்கம் சாலைக்கும் தேரடித் தெருவுக்கும் ஷேர் ஆட்டோ மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் வாய்விட்டே பேசிக்கொண்டார்கள்.

“செங்கம் ரோட்டு கஸ்தூரி இல்ல அது?”

“ஆமாம்பா. காபி மெஷினு.”

“ஐயோ பாவம். உனக்கு எவ்ளோ தரணும்?”

“எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா கேக்கறப்போ எனக்கே கலங்குது.”

வெயில் ஏறியதும் சந்திரகலா வந்தாள். சீட்டு நடத்துகிறவள், குரல் சந்துக்கு அந்தப் பக்கமும் கேட்கும்.

“ஏண்டி, ஒரு வார்த்தை என்கிட்ட சொன்னியா? என் தலையில மஞ்சத்தண்ணி ஊத்தப் பாக்கறியா?”

“சார் பாத்துக்கறாரு” என்றாள் கஸ்தூரி, பயத்தில் மனப்பாடமாக.

“சாரு இன்னாடி பாக்கறது, நான் உன் பொண்ணு சடங்குக்கு சீர் தூக்கினு வந்தவ!” என்று கத்திய சந்திரகலா, பக்கத்து நாற்காலியில் உட்காரப் போய், எந்த நாற்காலி என்று நினைவு வந்து சட்டென்று நிமிர்ந்தாள். யாரும் பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள். குரல் பாதியாகக் குறைந்தது. “சரி, வுடு. மாசாமாசம் வேணாம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி குடு, உனக்கும் அன்னிக்குத்தான ரூமு நிறையுது. நோட்டீஸ் கீட்டீஸ்னு இறங்காத, கண்ணு.”

இந்த ஊரில் பாதித் தவணைகள் பௌர்ணமிக்குத்தான். காரணம் பக்தி என்பார்கள். சில வருஷங்களில் பன்னிரண்டு மாதத்துக்குப் பதின்மூன்று பௌர்ணமி வரும் என்பது சந்திரகலாவுக்குத் தெரியும். சீட்டு நடத்துகிறவர்களுக்குத் தெரியாதது எதுவும் வானத்தில் இல்லை.

வக்கீல் சொன்னதில் ஒன்று மட்டும் பிசகியது: பிரகாஷ் முதலில் வரவில்லை. அவன் மறுநாள் பைக்கில் அந்தச் சந்தில் இரண்டு தடவை போய்வந்தான். மூன்றாவது தடவை நிறுத்தினான்.

“இன்னாக்கா, வெயில்ல உக்காந்துகினு கீறீங்க.”

“சார் பாத்துக்கறாரு.”

“நம்ம ரெண்டு பேருக்குள்ள சாரு எதுக்கு? நான் அன்னிக்கு ஏதோ கோவத்துல சொன்னேன். சம்பளம் கிம்பளம்னு. மனசுல வெச்சிக்காதீங்க.”

உள்ளே போனான். வெகுநேரம் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வந்தபோது வட்டி கழிந்திருந்தது, அசல் தவணையாகப் பிரிந்திருந்தது. ஆனிப் பௌர்ணமிக்கு முதல் தவணை. அது தவறினால் பேச்சு முறிந்தது, அவள் சாவியைத் தரவேண்டும். சடையன் கதவருகே வந்து, “அந்தக் காபி மெஷினை வித்து முதல் தவணையைக் கட்டிடுங்க” என்றார். “ஆனா இன்னும் நாலஞ்சு நாள் உக்காருங்க. சென்னைல இருக்கற வீட்டுக்காரர் காதுக்கும் போவட்டும், லீஸை ஏத்திக் கேக்கமாட்டாரு. எழுந்துட்டா போச்சு.”

கஸ்தூரிக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. ஏழு வருஷம் ஓடி ஓடிச் சம்பாதித்த பெயருக்குக் கிடைக்காத மரியாதை, இரண்டு நாள் உட்கார்ந்து அதைக் கெடுத்துக்கொண்டதற்குக் கிடைத்ததே என்று அவளுக்கு ஓர் எரிச்சல்.

மூன்றாம் நாள், டீக்கடையில் கூட்டம் கூடும் நேரத்தில், பீர் முகம்மது வந்தார். மெத்தைக் கடைக்காரர். சட்டைக் காலரில் எப்போதும் ஓர் இழை பஞ்சு ஒட்டியிருக்கும். எட்டு மெத்தை, பதினாறு தலையணை கடனுக்குக் கொடுத்துவிட்டு, இதுவரை ஒருமுறைகூட வாசலில் வந்து நின்றதில்லை. காகிதம் எதுவும் எழுதி வாங்கவும் இல்லை. மற்றவர்களிடம் கஸ்தூரி சொன்ன அந்த இரண்டு வார்த்தை இவரிடம் வாயில் வரவில்லை.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. மெல்லப் படியேறி, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பாய்! அதுல உக்காராதீங்க. பாக்கறவங்க தப்பா நினைப்பாங்க.”

“நினைக்கட்டும்மா. தப்பு இல்ல.” கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “நானும் வக்கீலைப் பாக்கத்தான் வந்தேன்.”

“நீங்களுமா பாய்?” என்றாள் கஸ்தூரி.

“செங்கம் ரோட்டு லாட்ஜுங்க பாதி என் மெத்தைலதாம்மா தூங்குது. நான் தூங்கல. பஞ்சுக்காரன் பணம் கேக்கறான். யாரைப் போயி நான் கேக்கறது? ஒருத்தர் பூஜைல இருக்கார், ஒருத்தர் சீசன் வரட்டும்ங்கறார். சாமியார் மடத்துல மெத்தைக்கு உண்டான பணத்துக்குப் பிரசாதம் குடுத்து அனுப்பறாங்க. நமக்கு எதுக்கும்மா பிரசாதம்?” சிரித்தார். “உன் பேரை நான் வக்கீல்கிட்ட சொல்லப்போறதில்ல, பயப்படாத. நீயே இங்க உக்காந்துகினு கீற.”

எதிர்க்கடையில் பேச்சு நின்றிருந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவனின் கை உயரத்தில் அப்படியே நின்றது. இன்னும் கொஞ்ச நேரத்தில் சேதி பஞ்சு வியாபாரிக்குப் போகும். சாயங்காலத்துக்குள் பாய் கடைக்கு ஒரு மூட்டை பஞ்சும் இறங்காது. அந்த நாற்காலி கஸ்தூரியைக் காப்பாற்றியதற்குக் காரணம், அவளிடம் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்று ஊர் நம்பியது. பாயிடம் கடை இருந்தது, சரக்கு இருந்தது. பயந்து வட்டியைக் கழிக்கிறவர்கள் அல்ல, பாய்ந்து மூட்டையைத் தூக்குகிறவர்கள்தான் அவருக்கு வருவார்கள்.

கஸ்தூரி எழுந்தாள்.

“இன்னா பாய் நீங்க!” என்று சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். “மெத்தைப் பணத்துக்காக இங்கியே தேடிக்கினு வந்துட்டீங்களா? நான் தரமாட்டேன்னா சொன்னேன்? பணம் வீட்ல எடுத்து வெச்சிக்கீறேன். வாங்க, வாங்கிக்கினு போங்க!”

பீர் முகம்மது திகைத்துப் பார்த்தார். அவள் அவர் கையைப் பிடிக்காத குறையாகப் படியிறக்கினாள். டீக்கடையில் மறுபடியும் டீ ஆறத் தொடங்கியது. “பாய் வசூலுக்கு வந்திருக்காருடா” என்றது ஒரு குரல், ஏமாற்றத்தோடு.

உள்ளேயிருந்து சடையன் விசிறியோடு ஓடிவந்தார். “ஏம்மா, எழுந்திரிக்காதீங்கன்னு சொன்னேன்ல? பணம் கீதுன்னு வேற கத்தறீங்க! மூணு நாள் வேலை போச்சு!”

“போவட்டும் சார்” என்றாள் கஸ்தூரி. “எனக்கு உக்காந்து உக்காந்து கால் மரத்துப்போச்சு.”

அது நல்ல மனசா, இன்னும் ஒரு நாள் சும்மா உட்காரமுடியாத அவதியா என்று கேட்டால் அவளாலேயே சொல்லியிருக்க முடியாது. எதுவாக இருந்தாலும் அன்று மாலையே காபி மெஷின் குமரேசன் வேனில் வெளியூர்க் கடை ஒன்றுக்குப் போயிற்று. வந்த பணம் அப்படியே பாய்க்குப் போயிற்று.

“ஏம்மா, இதுக்குத்தானா கத்தின? உனக்கு எதுனா வெச்சிக்க” என்றார் பாய்.

“எனக்கு மெத்தை கீது பாய்.”

சேதி அவளுக்கு முன்னால் ஊருக்குள் ஓடியது. கஸ்தூரியிடம் பணம் இருக்கிறது. மெஷினை விற்றது யாருக்கும் தெரியவில்லை. பாய்க்குக் கொடுத்தது எல்லோருக்கும் தெரிந்தது. பிரகாஷ் அதே வாரத்தில் வந்தான். இந்தத் தடவை பைக்கிலிருந்து இறங்கவில்லை.

“சேர்ல உக்காந்து என்னை நல்லா ஏமாத்திட்டீங்க அக்கா. பாய்க்கு இருக்கற பணம் எனக்கும் இருக்கும்ல? ஆனிப் பௌர்ணமி. ஒரு நாள் தள்ளினாலும் சாவி.”

அவள் சடையனிடம் ஓடினாள். மறுபடியும் உட்காரட்டுமா என்று கேட்டாள். அவர் விசிறியை ஆட்டி மறுத்தார். “ஒரு தடவை எழுந்தவங்களைப் பாத்து யாரும் பயப்படமாட்டாங்கம்மா. சேர் அதேதான். நீங்கதான் மாறிட்டீங்க.”

வைகாசியின் மிச்சமும் ஆனியின் பாதியும் அவள் ஓட்டத்திலேயே போயின. வெயில் காலம்; வெள்ளைக்காரர்கள் மலைப் பிரதேசங்களுக்குப் போய்விட்டார்கள். உள்ளூர் வங்கி கைவிரித்தது. அண்ணனிடம் கேட்கக் கீழ்பென்னாத்தூர் போனாள். அவன் அவளிடம் கேட்கலாம் என்று காத்திருந்தான். பௌர்ணமி இரவு அறைகள் நிறையும், நிறைந்தாலும் அந்தப் பணம் மின்சாரத்துக்கும் சந்திரகலாவுக்கும் சரியாகப் போகும்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் காலை, வராந்தாவில் எட்டாவது தடவையாக நடந்துகொண்டிருந்தவள், இரண்டாம் நம்பர் கதவுக்கு எதிரில் நின்றாள். உள்ளே கோயம்புத்தூர்க்காரர் இருந்தார். ஐந்து மாத வாடகை அவரோடு மௌனமாக இருந்தது. அது வந்தால் பிரகாஷின் முதல் தவணைக்குக் காணும். இத்தனை நாள் அவள் கதவைத் தட்டினாள், கெஞ்சினாள், சீட்டு எழுதிப் போட்டாள். எல்லாவற்றையும் நடந்துகொண்டே செய்தாள்.

சமையலறைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து, இரண்டாம் நம்பர் வாசலுக்கு நேர் எதிரே போட்டு, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

கால் ஆடத் தொடங்கியது. அவள் அதைப் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அதுவே நின்றது.

கதவு திறந்தது. அருணகிரி பல் தேய்க்க வந்தவர், அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். அவள் புன்னகைக்கவில்லை. அவர் போய்விட்டுத் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு சீட்டு கதவுக்கு அடியில் வந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

“ஏ கஸ்தூரி, டிபன் போடலியா? மேல தண்ணி வழியுது” என்று குமரேசன் படியிலிருந்து கூப்பிட்டான். இறங்கிவந்து மனைவி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவன், உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டான். பிறகு தானே போய் மோட்டாரை நிறுத்தினான்.

ஐந்தாம் நம்பரில் இருந்த ஜப்பான்காரப் பெண் அந்தப் பக்கம் வந்தாள். அசையாமல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்த கஸ்தூரியைச் சற்று நேரம் பார்த்தாள். கையைக் குவித்து வணங்கிவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பின்னாலேயே ஏழாம் நம்பர்க்காரரும் வந்து உட்கார்ந்தார். யாரோ ஓர் ஊதுவத்தி கொளுத்தி வைத்தார்கள். ‘அமைதி இல்லம்’ திறந்த நாளிலிருந்து அங்கே அப்படி ஓர் அமைதி இருந்ததில்லை.

இரண்டாம் நம்பர் கதவு அரையடி திறந்தது, மூடிக்கொண்டது. மறுபடி திறந்தது. இப்போது அருணகிரியின் முகத்தில் புன்னகை இல்லை. முப்பது வருஷம் கோர்ட் வாசலில் நின்றவர். எதிராளி எழுந்து போவாரா மாட்டாரா என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. அவர் நாற்காலியைப் பார்த்தார், ஊதுவத்தியைப் பார்த்தார், தரையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். வாய் இரண்டு முறை திறந்து மூடியது. கார்த்திகை தீபத்துக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

“எவ்வளவு?” என்றார், துருப்பிடித்த குரலில்.

“அஞ்சு மாசம் சார்” என்றாள் கஸ்தூரி, எழுந்திருக்காமல். “கரண்ட் தனி.”